கிறிஸ்துமஸ் தாத்தா யார்? மைரா நகர் ஆயர் புனித நிக்கோலாசின் வாழ்வும் மரபும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும் நாட்களில் நம் பங்கின் தெருக்களிலும், போடிமெட்டுச் சாலையோரத்து ஊர்களிலும், மலைமேல் ஏலத்தோட்டத்து லயங்களிலும் கேரல் குழுவினர் இரவு நேரத்தில் வீடு வீடாகச் செல்வது வழக்கம். டிரம் முழங்க, கைத்தாளம் ஒலிக்க, பாலன் இயேசுவின் சுரூபத்தை ஏந்தியவர்கள் பின்னே வருவர். அவர்களுக்கு முன்னால் சிவப்பு அங்கியும் முகமூடியும் அணிந்து, நம் ஊர் இலவம் பஞ்சையே தாடியாக ஒட்டிக்கொண்டு, கிறிஸ்துமஸ் தாத்தா ஆடி வருவார். பிள்ளைகள் மிட்டாய்க்குக் கை நீட்டுவர். சின்னஞ்சிறுசுகள் முகமூடியைக் கண்டு பயந்து தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வர்.

குடில் எப்படி வந்தது என்று கேட்டால் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் கூட விடை சொல்லிவிடுவார்கள். 1223ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்னும் மலைக் கிராமத்தில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வைக்கோல் நிறைந்த தீவனத் தொட்டியையும் மாட்டையும் கழுதையையும் வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார் என்பது நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. ஆனால் குடிலுக்கு முன் நின்று ஆடும் இந்தத் தாத்தா யார்? மேல்நாட்டிலிருந்து வந்த வேடிக்கை உருவம் என்று சிலர் ஒதுக்குகின்றனர். குளிர்பானக் கம்பெனி ஒன்று விளம்பரத்துக்காகப் படைத்த பொம்மை என்று வேறு சிலர் சொல்கின்றனர். இரண்டுமே முழு உண்மை அல்ல. அந்த வேடத்துக்குப் பின்னால் உயிரோடு வாழ்ந்த ஓர் ஆயர் இருக்கிறார். அவர் பெயர் நிக்கோலாஸ்.

இந்த யூபிலி மலருக்கு அவருடைய வாழ்வை எழுத முன்வந்தோம். வரலாறு உறுதியாகச் சொல்வது எது, பிற்காலத்து மக்கள் அன்பினால் சேர்த்த மரபுக் கதை எது என்பதை இயன்ற அளவு பிரித்துக் காட்டுவோம். அத்துடன், அக்கதைகளுள் ஒன்று நம் மலையடிவாரத்துக் குடும்பங்களை நேரடியாகத் தொடுகிறது. அதனால்தான் இந்தப் புனிதரைத் தேர்ந்துகொண்டோம்.

கடற்கரை நாட்டுப் பிள்ளை

இன்றைய துருக்கி நாட்டின் தென்மேற்குக் கடற்கரைப் பகுதிக்கு அக்காலத்தில் லிசியா என்று பெயர். அது உரோமைப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பத்தாரா, மைரா என்னும் இரு நகரங்கள் அங்கே சிறந்து விளங்கின. திருத்தூதர் பணிகள் நூலை வாசிப்போருக்கு இப்பெயர்கள் புதியவை அல்ல. தூய பவுல் எருசலேமுக்குச் செல்லும் வழியில் பத்தாராவில் கப்பல் ஏறினார். பின்னர் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, மைராவில்தான் அலெக்சாந்திரியக் கப்பல் ஒன்றில் ஏற்றப்பட்டார்.

அந்தப் பத்தாராவில் ஏறத்தாழ 270ஆம் ஆண்டில் நிக்கோலாஸ் பிறந்தார் என்பது மரபு. பெற்றோர் செல்வம் மிக்கவர்கள். கிறிஸ்தவ விசுவாசத்தில் ஊன்றியவர்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே புதன், வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை மட்டுமே தாய்ப்பால் அருந்தி ஒறுத்தல் செய்தார் என்று பழைய நூல்கள் சொல்லும். அத்தகைய செய்திகளை அக்கால மக்களின் பக்திச் சொல்லாக எடுத்துக்கொள்வோம். அவர் இளைஞராக இருந்தபோதே பெற்றோர் இறந்தனர் என்றும், பெருஞ்செல்வம் அவர் கைக்கு வந்தது என்றும், அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்தார் என்றும் அவர் வரலாறுகள் ஒருமுகமாகக் கூறுகின்றன.

மூன்று பெண்களின் கதை

அவருடைய ஊரில் ஒருகாலத்தில் வசதியாக வாழ்ந்து பின்னர் நொடித்துப்போன மனிதர் ஒருவர் இருந்தார். அவருக்கு மணப்பருவம் எய்திய பெண்கள் மூவர். பெண்ணுக்குத் தந்தை சீதனம் கொடுத்தே மணம் முடிக்கவேண்டும் என்பது உரோமை உலகின் வழக்கம். சீதனம் இல்லாத பெண்ணை மதிப்பான குடும்பத்தில் எவரும் கேட்டு வருவதில்லை. சாப்பாட்டுக்கே வழியில்லாத நிலையில், அந்தத் தந்தை தம் பெண்களை மானத்தை விற்றுப் பிழைக்கும் தொழிலுக்கு அனுப்பிவிடலாம் என்ற கொடிய முடிவுக்கு வந்தார்.

இச்செய்தி நிக்கோலாசின் காதுக்கு எட்டியது. நேரில் சென்று உதவினால் அக்குடும்பம் ஊரார் முன் தலை குனிய நேரும் என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே ஊர் உறங்கிய பின், துணியில் முடிந்த பொற்காசுகளுடன் தனியே சென்று, சன்னல் வழியாக வீட்டுக்குள் எறிந்துவிட்டுத் திரும்பினார். காலையில் பொன்னைக் கண்ட தந்தை, கண்ணீரோடு இறைவனுக்கு நன்றி கூறி, மூத்தவளின் திருமணத்தை முடித்தார். சில நாள் கழித்து இரண்டாம் முடிச்சு விழுந்தது. இரண்டாமவளும் மணமாகிச் சென்றாள்.

கொடுப்பவர் யார் என்று அறியத் தந்தை உறங்காமல் காத்திருந்தார். மூன்றாம் முடிச்சு விழுந்த ஓசை கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு இருட்டில் ஓடி, அவரைப் பிடித்துக் காலில் விழுந்தார். நிக்கோலாஸ் அவரைத் தூக்கி நிறுத்தி, தாம் உயிரோடு இருக்கும்வரை இதை எவருக்கும் சொல்லக்கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டார்.

இக்கதை இன்று நமக்குக் கிடைக்கும் முழு வடிவில் 9ஆம் நூற்றாண்டில் மிக்கேல் என்னும் துறவி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் காணப்படுகிறது. புனிதர் இறந்து ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது அது. எனவே இதை நேரில் கண்டவர் சாட்சியம் என்று சொல்ல இயலாது. விசுவாசக் கோட்பாடாக ஏற்கவேண்டும் என்று திருச்சபையும் கட்டளையிடவில்லை. ஆயினும், புனிதர் என்பவர் எப்படிப்பட்டவர் என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல விரும்பிய கிறிஸ்தவ மக்கள், சீதனம் இல்லாததால் வாழ்விழக்க இருந்த பெண்களின் கதையை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சிறையிலிருந்து திரும்பிய ஆயர்

மைரா நகர் ஆயர் இறந்தபின், அடுத்தவரைத் தெரிவு செய்யக் கூடிய ஆயர்கள், மறுநாள் விடியற்காலையில் ஆலயத்துக்குள் முதலில் நுழையும் நிக்கோலாஸ் என்பவரையே ஆயராக்கவேண்டும் என்று இறைவன் காட்டியதாக நம்பினர் என்றும், செபிக்க வந்த நம் புனிதர் அப்படியே பிடித்து நிறுத்தப்பட்டார் என்றும் மரபு கூறும். எவ்வாறு தெரிவு செய்யப்பட்டிருந்தாலும், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மைராவின் ஆயராக இருந்தார் என்பது நிலையான மரபு.

303ஆம் ஆண்டு பேரரசன் தியோக்ளேசியன் கிறிஸ்தவர்கள்மீது கொடிய வேதகலாபனையைத் தொடங்கினான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, திருநூல்கள் எரிக்கப்பட்டன, ஆயர்களும் குருக்களும் சிறையில் அடைக்கப்பட்டனர். நிக்கோலாசும் அவர்களுள் ஒருவராகத் துன்புற்றார் என்று அவர் வரலாறு சொல்கிறது. 313ஆம் ஆண்டில் பேரரசன் கான்ஸ்தந்தீன் காலத்தில் திருச்சபைக்கு விடுதலை கிடைத்தது. ஆயர் தம் மக்களிடம் திரும்பினார்.

325ஆம் ஆண்டு நிசேயா நகரில் முதல் பொதுச்சங்கம் கூடியது. இறைமகன் தந்தையோடு ஒரே பொருளானவர் அல்லர் என்று போதித்த ஆரியுசின் தப்பறையை அச்சங்கம் கண்டித்தது. ஞாயிறுதோறும் திருப்பலியில் நாம் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் அச்சங்கத்தில் வேர் கொண்டது. அங்கே நம் ஆயர் கோபம் பொங்க ஆரியுசின் கன்னத்தில் அறைந்தார் என்றொரு கதை இப்போது கைப்பேசிகளில் படத்துடன் சுற்றுகிறது. இளைஞர்கள் அதை நமக்கும் அனுப்பி மகிழ்கிறார்கள். சங்கத்தில் கலந்துகொண்டவர்களின் பட்டியல்கள் சிலவற்றில் மட்டுமே நிக்கோலாசின் பெயர் இருக்கிறது. அறைந்த கதையோ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அந்தக் கதையைவிட உறுதியான சான்று கொண்ட வீரச்செயல் ஒன்று அவர் வாழ்வில் உண்டு.

வாளைப் பிடித்த கை

நிக்கோலாசைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளுள் மிகப் பழையது, படைத்தலைவர் மூவரைப் பற்றிய சிறு நூல். மைராவில் யூஸ்தாத்தியுஸ் என்னும் ஆளுநன் கைக்கூலி வாங்கிக்கொண்டு, குற்றமற்ற மூவருக்கு மரண தண்டனை விதித்தான். செய்தி அறிந்த ஆயர் ஓடோடி வந்தார். கண்கள் கட்டப்பட்டு, கழுத்தை நீட்டி அம்மூவரும் மண்டியிட்டிருந்தனர். கொலைஞன் ஓங்கிய வாளை ஆயர் பற்றிப் பறித்துத் தரையில் எறிந்தார், கட்டுகளை அவிழ்த்தார். பின் ஆளுநனின் மாளிகைக்கே சென்று, அவன் குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்து, மனம் வருந்தச் செய்தார்.

இதை நேரில் கண்ட படைத்தலைவர் மூவர் பின்னர் தலைநகரில் பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிச் சிறைப்பட்டனர். மறுநாள் சாவு என்றிருந்த இரவில், மைராவின் ஆயரை நினைத்து அவர்கள் மன்றாடினர். அதே இரவில் நிக்கோலாஸ் பேரரசனின் கனவில் தோன்றி எச்சரித்தார் என்றும், விடிந்ததும் மூவரும் விடுதலை பெற்றனர் என்றும் அந்நூல் முடிகிறது. கனவைப் பற்றி வரலாற்றாசிரியர் என்ன சொன்னாலும், ஏழைக்காக அதிகாரியை எதிர்த்து நின்ற ஆயர் என்றே முதன்முதலில் மக்கள் அவரை நினைவில் வைத்தனர் என்பது இந்நூலிலிருந்து விளங்குகிறது.

பஞ்ச காலத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. லிசியாவில் மழை பொய்த்து மக்கள் பசியால் வாடியபோது, எகிப்து நாட்டிலிருந்து தலைநகருக்கு அரசாங்கக் கோதுமை ஏற்றிச் சென்ற கப்பல்கள் மைராவின் துறைமுகமான அந்திரியாக்கேயில் தங்கின. ஒவ்வொரு கப்பலிலிருந்தும் நூறு அளவை கோதுமை தரும்படி ஆயர் கேட்டார். அளந்து ஏற்றிய சரக்கு குறைந்தால் தங்கள் தலை போய்விடும் என்று மாலுமிகள் அஞ்சினர். இறைவன் பார்த்துக்கொள்வார் என்று ஆயர் பொறுப்பேற்றார். தலைநகரில் இறக்கி அளந்தபோது ஒரு மணியும் குறையவில்லை என்பது மரபு. ஹேட்ரியன் பேரரசன் காலத்துத் தானியக் களஞ்சியம் அந்தத் துறைமுகத்தில் இன்றும் நிற்கிறது. அரசாங்கத் தானியம் அவ்வழியாகச் சென்றது என்பதில் ஐயமில்லை.

பாரி நகரில் ஓய்வு

ஏறத்தாழ 343ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் நிக்கோலாஸ் இறைவனடி சேர்ந்தார். மைராவின் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்தீனியன் பேரரசன் கான்ஸ்தாந்திநோபிள் நகரில் அவர் பெயரால் ஆலயம் எழுப்பினான். கடலோடிகள் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடினர். துறைமுகம் துறைமுகமாக அவர் புகழ் பரவியது.

11ஆம் நூற்றாண்டில் அந்நிலப்பகுதி செல்ஜுக் துருக்கியர் கைக்குப் போயிற்று. 1087ஆம் ஆண்டு இத்தாலியின் பாரி நகர வணிகர்களும் மாலுமிகளும் மைராவுக்கு வந்து, கல்லறையை உடைத்து, புனிதரின் எலும்புகளைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். மே மாதம் 9ஆம் நாள் அவை பாரியை அடைந்தன. அங்கு அவருக்கென்று பேராலயம் எழுப்பப்பட்டது. அவர்கள் விட்டுச் சென்ற சிறு துண்டுகளைச் சில ஆண்டுகளில் வெனிஸ் நகரத்தார் எடுத்துச் சென்றனர். இதைத் திருட்டு என்பதா, பக்தி என்பதா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு.

1950களில் பாரி ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது கல்லறை திறக்கப்பட்டு, எலும்புகளை உடற்கூறு பேராசிரியர் ஒருவர் ஆராய்ந்தார். அவை நடுத்தர உயரமுள்ள முதியவர் ஒருவரின் எலும்புகள் எனக் கண்டார். மூக்கெலும்பு முறிந்த அடையாளமும் பின்னர் கண்டறியப்பட்டது. சிறையில் பட்ட அடியோ என்று பக்தர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. 2017ஆம் ஆண்டில் அவருடைய விலா எலும்பு ஒன்று ரஷ்யாவுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது இலட்சக்கணக்கான ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று வணங்கினர். பிரிந்து கிடக்கும் இரு திருச்சபைகளையும் ஒரே கல்லறை முன் மண்டியிடச் செய்பவராக இவர் இருக்கிறார்.

பாரி என்னும் பெயர் தமிழர் செவிக்குப் புதிதன்று. இத்தாலிய நகரின் பெயருக்கும் பறம்பு மலை வள்ளலின் பெயருக்கும் ஒலியைத் தவிர வேறு தொடர்பு இல்லை. ஆனாலும் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரி மாண்டபின், அவன் பெண்மக்கள் இருவருக்கும் மணம் முடித்து வைக்கக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று கேட்டார். இருவரும் மறுத்தனர் என்பது புறநானூறு வழியாக நாம் அறியும் வரலாறு. உள்ளதையெல்லாம் கொடுத்த வள்ளலின் பெண்களுக்கே அந்த நிலை. தகப்பன் கையில் பொருள் இல்லாவிட்டால் பெண்ணின் வாழ்வு ஊசலாடும் என்பது லிசியாவுக்கு மட்டும் உரிய துயரம் அன்று.

ஆயர் தாத்தாவான வழி

12ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் புதிய கதை ஒன்று தோன்றியது. கொடியவன் ஒருவன் சிறுவர் மூவரைக் கொன்று உப்பு மிடாவில் ஊற வைத்திருந்தான் என்றும், நிக்கோலாஸ் வந்து அவர்களை உயிரோடு எழுப்பினார் என்றும் மக்கள் சொல்லத் தொடங்கினர். பழைய ஓவியங்களில் ஆயரைப் பெரிதாகவும், அவர் காப்பாற்றிய மூவரைச் சிறிதாகவும் வரைவது வழக்கம். அவற்றைப் பார்த்த மக்கள் அந்த மூவரைச் சிறுவர் என்று எண்ணியிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. எவ்வாறாயினும் அன்றுமுதல் அவர் சிறுவர்களின் பாதுகாவலர் ஆனார்.

ஐரோப்பாவின் பேராலயங்களில் டிசம்பர் 6 முதல் மாசில்லாக் குழந்தைகள் திருநாளாகிய 28 வரை, பாடகர் குழுச் சிறுவன் ஒருவனுக்கு ஆயர் உடை அணிவித்து மரியாதை செய்யும் வழக்கம் பரவியது. நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்திய இரவில் பிள்ளைகள் செருப்பையோ காலுறையையோ வைத்துவிட்டு உறங்குவர். விடிந்தால் அதில் பழமும் இனிப்பும் இருக்கும். ஆயர் எறிந்த பொன் புகைப்போக்கி வழியாக விழுந்து, அடுப்படியில் உலர்த்தியிருந்த காலுறைக்குள் தங்கிற்று என்று கதையும் வளர்ந்தது. பொன்னுருண்டைக்கு அடையாளமாகவே ஆரஞ்சுப் பழம் வைக்கிறார்கள் என்பர். மேல்நாட்டு அடகுக் கடைகளின் வாசலில் தொங்கும் மூன்று பொன்னுருண்டைகளையும் இவருடைய மூன்று முடிச்சுகளோடு இணைத்துச் சொல்வோர் உண்டு. ஏழையின் வீட்டுக்குள் இரவில் பொன்னை எறிந்தவர், ஏழை தன் பொன்னை அடகு வைக்கும் கடைக்கும் பாதுகாவலர் ஆனதை எண்ணினால் நகைப்பும் வருத்தமும் ஒருங்கே வருகின்றன.

16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபைகள் தோன்றிய நாடுகளில் புனிதர் வணக்கம் குறைந்தது. செர்மனியில் பரிசு தரும் நாள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மாற்றப்பட்டது. ஒல்லாந்து மக்களோ தங்கள் சின்டர்கிளாசை விடவில்லை. அவர்கள் குடியேறிய நகரே பின்னர் நியூயார்க் ஆயிற்று. அங்கே 1809ஆம் ஆண்டு வாஷிங்டன் இர்விங் எழுதிய நகைச்சுவை நூலிலும், 1823இல் செய்தித்தாள் ஒன்றில் வெளியான கவிதையிலும் ஆயரின் முடியும் செங்கோலும் மறைந்தன. புகைக்குழாய் பிடிக்கும் பருத்த கிழவரும், அவரை இழுத்துச் செல்லும் எட்டுக் கலைமான்களும் தோன்றினர். 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் பத்திரிகையில் அவரை ஆண்டுதோறும் வரைந்தார். 1931இல் கோக்கோ கோலா விளம்பரத்துக்காக ஹாடன் சன்ட்பிளாம் வரைந்த ஓவியங்கள் உலகெங்கும் பரவின. சிவப்பு அங்கி அதற்கு முன்பே இருந்தது. அந்தக் கம்பெனி அவரைப் படைக்கவில்லை, பிரபலப்படுத்தியது, அவ்வளவே.

1969ஆம் ஆண்டு திருவழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோது புனித நிக்கோலாஸ் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார் என்று சிலர் சொல்வதும் தவறு. டிசம்பர் 6ஆம் நாள் அவருடைய விருப்ப நினைவாக இன்றும் நம் திருப்பலிப் புத்தகத்தில் இருக்கிறது.

நம் மலையடிவாரத்தில்

இவ்வளவு நீண்ட பயணத்தில் ஆயரின் உடை மாறிற்று, பெயர் மாறிற்று, வருகிற நாளும் மாறிற்று. சன்னல் வழியாகப் பொன் விழுந்த அந்த வீட்டைத்தான் எல்லாரும் மறந்துவிட்டனர். நாம் மறக்கலாகாது.

விடியற்காலையில் போடியில் கண் விழிப்பவர் எவரும் அக்காட்சியைக் காண்பர். பின்கொசுவத்துக்குள் தலைத்துண்டைச் செருகி, தூக்குச் சட்டியுடன் தாய்மார் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுகின்றனர். போடிமெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகின்றனர். அட்டைக் கடியும் சாரல் மழையும் அவர்களுக்குப் பழக்கம். கீழே நகரிலும் பெண்கள் கோடவுன்களில் உட்கார்ந்து, காயின் பருமனும் பச்சையும் பார்த்து நாளெல்லாம் தரம் பிரிக்கின்றனர். எதற்காக இவ்வளவு பாடு என்று அவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். பெண் பிள்ளையைக் கரை சேர்க்க வேண்டும். சீட்டு கட்டுவதும், கடன் வாங்குவதும், இருக்கும் தோட்டை அடகு வைத்துப் பெண்ணுக்குச் சங்கிலி வாங்குவதும் அதற்காகவே.

1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. 1980களில் நமக்கு அருகிலுள்ள உசிலம்பட்டி வட்டாரத்தில் நிகழ்ந்த பெண் சிசுக் கொலைகள் நாடறிந்த செய்தியாயின. பிறந்த பெண்ணைக் கள்ளிப்பாலுக்குக் கொடுத்த தாய்மார் மனமில்லாதவர்கள் அல்லர். அந்தக் குழந்தைக்கு இருபது ஆண்டு கழித்துக் கொடுக்கவேண்டிய நகைக் கணக்கே அவர்களை அச்சுறுத்தியது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் நம் தேனி மாவட்டத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது என்றால், நோய் எங்கே இருந்தது என்பது விளங்கும்.

அரசும் ஒருவகையில் நிக்கோலாசின் வழியையே பின்பற்றியது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி வழங்கத் தொடங்கியது. 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கமும், 2016 முதல் 8 கிராமும் தந்தது. 2022இல் அத்திட்டத்தையே மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கியது. பொன்னிலிருந்து படிப்புக்கு வந்த இந்த மாற்றம் நம் சிந்தனைக்கு உரியது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். புனிதரே சீதனத்துக்குப் பொன் கொடுத்தாரே, அப்படியானால் சீதனம் கொடுப்பதும் வாங்குவதும் சரிதானே என்று நம்மிடம் வாதிட்டவர்கள் உண்டு. நெருப்பில் சிக்கியவனைத் தூக்கி வந்தவர் நெருப்பை ஆதரித்தவர் ஆகமாட்டார். ஆயர் பார்த்தது அழியவிருந்த மூன்று உயிர்களை. அவர் கொடுத்தவர், கேட்டு வாங்கியவர் அல்லர். அவரை முன்மாதிரியாகக் கொள்ள விரும்பும் மாப்பிள்ளை வீட்டார், கொடுப்பவர் பக்கம் நிற்கட்டும்.

அவர் கொடுத்த முறையையும் கவனிப்போம். பெறுபவர் தலை குனியக் கூடாது என்பதற்காக அவர் இருட்டைத் தேடினார். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியலாகாது என்று ஆண்டவர் கற்பித்ததை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். நாமோ கோவிலுக்கு ஒரு குழல்விளக்கு கொடுத்தால், வெளிச்சம் பாதி மறையும் அளவுக்கு உபயம் எழுதிக் கொடுக்கிறோம். இம்மலரின் பின்பக்கங்களிலும் நன்கொடையாளர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களுக்கு நன்றி கூறுவது நம் கடமை. கோவிலுக்குக் கொடுத்ததைப் பெயரோடு சொல்லலாம். அதனால் எவருக்கும் தாழ்வில்லை. ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்ததை மேடையில் அழைத்து, புகைப்படம் எடுத்துக் கொடுத்தால், அந்தப் பெண் பிள்ளை மறுநாள் பள்ளியில் எப்படித் தலை நிமிர்ந்து உட்காருவாள்?

ஆகவே யூபிலி ஆண்டின் நினைவாக இரண்டு காரியங்களை நம் பங்கு மக்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, வரும் டிசம்பர் 6ஆம் நாள் முதல் கோவிலின் பின்புறத்தில் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கும். அதில் இடுவோர் பெயர் எழுதவேண்டாம், உறையும் வேண்டாம். சேரும் பணம் நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் வழியாகப் பெண் பிள்ளைகளின் படிப்புக்கும் விடுதிக் கட்டணத்துக்கும் செல்லும். மொத்தத் தொகை பங்குப் பேரவையில் கணக்குக் காட்டப்படும். யாருக்குப் போயிற்று என்பது பீடத்திலிருந்து வாசிக்கப்படமாட்டாது. எந்த மதத்துப் பிள்ளை என்றும் கேட்கப்படமாட்டாது. நிக்கோலாஸ் அந்த வீட்டுச் சன்னலருகில் நின்று எதையும் விசாரித்ததாகக் கதையில் இல்லை.

இரண்டாவது, திருமண ஓலை வாசிக்கப் பெயர் கொடுக்க வரும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண் வீட்டாரிடம் எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், என்ன வண்டி என்று பேசி முடித்த பின் நம் அலுவலகத்துக்கு வராதீர்கள். பேசுவதற்கு முன் வாருங்கள். ஒன்றும் கேட்கமாட்டோம் என்று உங்கள் பெற்றோரிடம் நீங்களே சொல்லுங்கள். சொல்ல அச்சமாயிருந்தால் நம்மை அழையுங்கள். உடன் வந்து சொல்வோம். அப்படி முடியும் ஒவ்வொரு திருமணமும் இந்த யூபிலிக்கு நாம் எழுப்பும் கோபுரத்தைவிட உயர்ந்ததாகும்.

மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலன் நமக்குத் தம்மையே கொடையாகக் கொடுத்தார். இரவில், ஊர் அறியாமல், ஏழைகள் நடுவில் அக்கொடை வந்தது. அதைப் புரிந்துகொண்டதனால்தான் நிக்கோலாசும் இரவில் புறப்பட்டார். அவருடைய மன்றாட்டினால் நம் மலையடிவாரத்தில் எந்தத் தகப்பனும் தன் பெண்ணைப் பாரமாக எண்ணாத காலம் விரைவில் வருவதாக. பங்கு மக்கள் அனைவருக்கும் யூபிலி வாழ்த்தும், கிறிஸ்து பிறப்பின் ஆசீரும் உரித்தாகுக.